ஆறு வருடம் வளர்த்த பிறகு பாலைக் கன்றைப் பற்றி

2019 ஐப்பசியில், வவுனியாவிலிருந்து மன்னார் போகும் வீதியில் உள்ள ஒரு சின்னக் கன்றுக்கடையில் மூன்று பாலைக் கன்று வாங்கினேன். ஒன்று செத்துப்போனது. மற்ற இரண்டும் யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் நிற்கின்றன, பெரியது இப்போது என் தலைக்கு மேல் ஒரு முழம். ஆறு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் தொடர்ந்து வாசித்துவிட்டு முடிவெடுக்கட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கினீர்கள், எப்படி நட்டீர்கள், பிழைக்குமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பாலை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் காசு முதலில் வீணானதே அந்தப் பெயரால்தான். நான் சொல்வது ஆனி ஆடியில் வன்னி வீதியோரங்களில் பேணியில் அளந்து விற்கிற, வேப்பம்பழம் அளவில் மஞ்சளாக இருக்கிற, தின்றால் உதட்டில் பால் ஒட்டிக்கொள்கிற பாலைப்பழத்தின் மரம். சிங்களத்தில் பலு. தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்று கேட்டால் தெரிந்தவர்கள் காட்டுவார்கள். தாவரவியல் பெயர் மணில்காரா ஹெக்சாண்ட்ரா, சப்போட்டாவும் இலுப்பையும் இதற்குச் சொந்தக்காரர்கள். வில்பத்துவிலும் யாலவிலும் இந்தப் பழக் காலத்தில்தான் கரடி பார்க்க ஆட்கள் போவார்கள், கரடி கொப்பில் ஏறி இருந்து தின்னும். மடுவுக்கு ஆடித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது அம்மம்மா இந்தப் பழம் வாங்கித் தருவதும், தின்ன முதல் உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிவிடுவதும் எனக்கு இன்றைக்கும் நல்ல ஞாபகம். அந்தப் பழத்துக்காகத்தான் கன்று தேடத் தொடங்கினேன், மறைக்கவில்லை. பிறகுதான் மரத்தின் மீதே விருப்பம் வந்தது.

ஆனால் பாலை என்ற பெயரில் வேறு மரங்களும் இருக்கின்றன. ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை மூன்றும் வேறு குடும்பம், பால் வடிவதால் அந்தப் பெயர் வந்தது, தின்னக்கூடிய பழமும் அவற்றில் இல்லை. ஐந்திணையில் வரும் பாலை இவற்றில் எது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அப்படியிருக்கக் கன்றுக்கடையில் குழப்பம் வருவது ஆச்சரியமில்லை, ஆனால் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். நான் 2017இல் யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கன்று நிலையத்தில் பாலை என்று சீட்டு ஒட்டியிருந்த கன்றை வாங்கினேன், அந்த இடத்தின் பெயர் வேண்டாம். பழம் தின்னுகிற பாலைதானே என்று இரண்டு தரம் கேட்டேன், ஓம் என்றார்கள். ஒரே வருடத்தில் என் உயரத்துக்கு வந்தது. எனக்குப் பெரிய சந்தோசம். முள்ளியவளையிலிருந்து வந்த மாமா ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, பாலை இந்த வேகத்தில வளராது, உது ஏழிலைப்பாலை" என்றார். இலையைப் பார்த்தால் உண்மைதான், ஒரே கணுவில் ஆறேழு இலை குடை விரித்த மாதிரிச் சுற்றி நின்றது. அதுவும் நல்ல மரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் பலகை செய்த மெல்லிய மரம் என்பதால்தான் அதன் தாவரவியல் பெயரிலேயே பள்ளிக்கூடம் வருகிறது. ஆனால் நான் கேட்டது அதுவல்ல. திரும்பப் போய்ச் சொன்னபோது "அதுவும் பாலைதானே" என்று பதில் வந்தது. எனக்குக் காசை விட ஒரு வருடம் போனதுதான் கவலை.

எனவே வாங்கும்போது இலையைப் பாருங்கள். நம் பாலையின் இலை தடிப்பு, கடும் பச்சை, நுனி கூராக இருக்காது, அகன்று போய் நடுவில் சின்னதாக உள்ளே வெட்டின மாதிரி இருக்கும். கொப்பு நுனியில் இலைகள் கூட்டமாக நிற்கும், ஆனால் ஒரே கணுவில் சுற்றிவர முளைக்காது, ஒன்று விட்டு ஒன்றாக வரும். இலையைக் கிள்ளினால் பால் வரும், மற்றப் பாலைகளிலும் வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்த வருடம் இன்னொரு பிழை செய்தேன். சந்தையில் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கன்றுகள், ஒன்று 50 ரூபா, ஐந்து வாங்கினேன். இந்த முறை சரியான பாலைதான், இலை பார்த்தேன். காட்டில் பிடுங்கியவை. பாலைக்கு ஆணிவேர் நேரே கீழே ஓடும், முழங்கை உயரக் கன்றுக்கு அதைவிட நீளமாக வேர் இருக்கும், பிடுங்கும்போது அது அறுந்துவிடும். மூன்று கிழமையில் ஐந்தும் கருகின. ஒதுக்கக் காட்டில் கன்று பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்பது அப்போது என் மனதில் உறைக்கவில்லை, ஐந்து மரத்தைக் காட்டிலிருந்து எடுத்துச் சாகவிட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள், விலை மலிவு என்றாலும் வேண்டாம்.

சரி, இப்போது கடைக்கு வருகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. வீதியோரத்தில் கிடுகுப் பந்தல், முன்னால் செவ்வரத்தை, குரோட்டன், எலுமிச்சை, மாதுளை, கொய்யா என்று எல்லோரும் வாங்குகிற கன்றுகள், பின்னால் போனால்தான் மற்றவை. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாவும் அவருடைய மகளும் நடத்துகிறார்கள். நான் "அம்மா, பாலைக் கன்று இருக்கோ?" என்று கேட்டதும் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆருக்கு மோனை? காணி எவ்வளவு? எந்த ஊர் மண்?" என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டார். யாழ்ப்பாணம், ஒன்றரைப் பரப்பு, செம்மண், கீழே கல் என்றேன். "ஒன்றரைப் பரப்புக்கு மூண்டு மரம் கூட. மூண்டும் தப்பாது எண்டு நினைச்சுக் கொண்டு போங்கோ, கடைசியா ஒண்டை மட்டும் விடுங்கோ" என்றார். கன்று விற்கிறவர் குறைவாக வாங்கச் சொன்னதை நான் முதன்முதலாக அங்கேதான் கேட்டேன்.

கன்று ஒன்று 200 ரூபா. அன்றைக்கு ஒட்டுக் கொய்யாவே கிட்டத்தட்ட அந்த விலைக்கு வந்தது, காட்டு மரத்துக்கு 200 கொடுப்பதா என்று என் கூட வந்த மச்சான் கேட்டான். ஆனால் அவர் கன்று உண்டாக்குகிற விதத்தைக் கேட்டபிறகு விலை எனக்குக் கூடவாகத் தெரியவில்லை. பழக் காலத்தில் வீதியோர வியாபாரிகளிடம் நசிந்து விலைப்படாமல் போன பழத்தை அவர் வாங்கி வருகிறார். தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டுப் பிசைந்து சதையைக் கழுவி, கறுத்த மினுங்குகிற விதையை மட்டும் எடுத்து, நிழலில் ஈரம் உலரவிட்டு அந்தக் கிழமைக்குள்ளேயே மண்ணில் போட்டுவிட வேண்டுமாம். வைத்திருந்து காயவிட்ட விதை முளைப்பது குறைவு, அதற்குள் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் கெட்டுவிடும் என்றார். முளைக்க ஒன்றரை மாதம், சிலது இரண்டு மாதம். கோது கடினம் என்பதால் விதையின் ஒரு பக்கத்தைக் கல்லில் மெல்ல உரசிவிடுவார். முளை வந்ததும் நீளமான பொலித்தீன் பைக்கு மாற்றுகிறார், பை ஒரு அடிக்கு மேலே நீளம், மற்றக் கன்றுகளின் பையை விட இரண்டு மடங்கு. ஆணிவேருக்காக. இதுதான் நீங்கள் காசு கொடுக்கிற விசயம், கன்றின் மேல்பக்க உயரத்தைப் பார்த்து விலை மதிக்க வேண்டாம்.

இன்னொன்றும் அவரிடம்தான் அறிந்தேன். சப்போட்டாவை ஒட்டுவதற்குப் பாலைக் கன்றைத்தான் அடிக்கட்டையாக வைப்பார்கள், இந்தியாவில் இது நெடுநாள் வழக்கம். வறட்சியும் கல் நிலமும் தாங்குகிற வேர் என்பதால். அதனால் தமிழ்நாட்டில் சப்போட்டா ஒட்டுக்கன்று நட்டவர்களில் நிறையப் பேரின் வளவில் மண்ணுக்குக் கீழே பாலை இருக்கிறது. ஒட்டுக்குக் கீழே இருந்து நுனி வெட்டின இலையோடு துளிர் வந்தால் சிலர் காட்டுச் செடி என்று முறித்து எறிந்திருப்பார்கள், அதுதான் பாலை. சப்போட்டா நன்றாக வர வேண்டும் என்றால் முறிக்கத்தான் வேண்டும், ஆனால் என்ன மரம் என்று தெரிந்து முறியுங்கள்.

மூன்று கன்றையும் பஸ்ஸில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஏ9 வீதியால் வந்தேன். மழை தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டிவிடும், பிறகு சோளகம் வீசி முடியும்வரை நிலம் காய்ந்து கிடக்கும். ஆகவே கன்று வைக்க மாரியின் தொடக்கமே சரி, வேருக்கு மூன்று மாதம் கிடைக்கும். குழி வெட்டுவதுதான் பாடு. எங்கள் பக்கம் இரண்டு அடிக்குக் கீழே சுண்ணக்கல். மண்வெட்டி நின்ற இடத்தில் அலவாங்கு எடுத்தேன். கன்றுக்கடை அம்மா சொல்லியிருந்தார், கல்லை உடைக்காதே, வெடிப்பைத் தேடு, வேர் வெடிப்புக்குள்ளால் போய்விடும் என்று. அலவாங்கால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மாறுகிற இடம் தெரியும், அந்த இடத்தில் வைத்தேன். ஊரிலே கல்லுக்கு இடையில்தான் நல்ல தண்ணீரும் நிற்கிறது, மரத்துக்கும் அதுவே. கிணற்றிலிருந்தும் வீட்டிலிருந்தும் இருபத்தைந்து அடி தள்ளி வைத்தேன், காட்டில் 60 அடிக்கு மேலே போகிற மரம், என் காலத்தில் அவ்வளவு வராது, ஆனால் பிறகு இருக்கப்போகிறவர்கள் அதை வெட்ட ஒரு காரணமும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

மாட்டெரு ஒரு கடகம், அவ்வளவுதான். பசளை வேறு போடவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து ஊரெல்லாம் தோட்டக்காரர் தவித்த வருடம், என் மிளகாயும் கத்தரியும் இலை பழுத்துச் சுருண்டன, பாலை ஒன்றையும் கேட்காமல் நின்றது. அதற்கு முந்தின வருடம் மார்கழி தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தபோது முருங்கை முறிந்தது, வாழை எல்லாம் படுத்தது, வளவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பாலைக் கன்று அப்போது முழங்கால் உயரம்கூட இல்லை, தண்ணீருக்குள் நின்று, வடிந்தபிறகு சேற்றைக் கழுவிவிட்டேன், அவ்வளவே.

முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் கட்டாயம். நான் பழைய மண்குடத்தின் அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி செருகிக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து, ஐந்து நாளைக்கு ஒருக்கால் நிரப்பினேன். மேலே ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும் என்று எனக்குப் பயம். மூன்றாவது கோடையிலிருந்து ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றவில்லை. 2022இல் மண்ணெண்ணெயும் டீசலும் இல்லாமல் கிணற்று மோட்டர் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தபோது எலுமிச்சை இலை கொட்டியது, தோடை ஒன்று பட்டுப்போனது, பாலை கடும் பச்சையாக நின்றது. வரண்ட நாட்டுக் காடுகளில் இது ஏன் பெரிய மரமாக நிற்கிறது என்பது எனக்கு அந்த வருடம்தான் விளங்கியது. கோடையிலும் இலை உதிர்க்காது. ஆடி மாதம் மத்தியானம் முதிரையும் மற்ற மரங்களும் இலை குறைந்து நிற்கும்போது வன்னிக் காட்டில் மாடும் மனிதரும் ஒதுங்குவது பாலைக்கும் வீரைக்கும் கீழேதான்.

ஆட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும். இலை ஆட்டுக்கு நல்ல விருப்பம். இரண்டாம் வருடம் பக்கத்து வளவு ஆடு வேலியால் வந்து பெரிய கன்றின் குருத்தைக் கடித்துவிட்டது, அது வெட்டின இடத்தில் இரண்டு தலை வந்து இப்போது கவராக வளர்கிறது. பிறகு பனைமட்டையால் சுற்றிவர அடைத்தேன், முதல் நாளே அதைச் செய்திருக்க வேண்டும். கறையான் தொடவில்லை, பூச்சி என்றும் ஒன்றும் பெரிதாக வரவில்லை. வளர்ச்சி வருடத்துக்கு ஒரு அடி, நல்ல மாரி என்றால் கொஞ்சம் கூட. தடி வைரமாகத்தான் ஏறுகிறது. இந்த மரம் தண்ணீரில் தாழும், அந்தக் காலத்தில் ரயில் பாதைக்குக் கட்டையாகப் போட்டார்கள், வீட்டுக்கு வளையும் தூணும் வைத்தார்கள். அப்படி ஒரு தடியை மரம் அவசரமாகச் செய்யாது.

கடையில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. சீட்டு எதிலும் இல்லை. மகள் இல்லாத நேரம் போனால் எந்த வரிசை எத்தனை மாதக் கன்று என்று அம்மாவுக்கே தடுமாற்றம். பற்றுச்சீட்டு கிடையாது, போன் எடுத்தால் பத்துக்கு ஒரு தரம்தான் பதில் வரும், நான் ஒருமுறை 140 கிலோமீற்றர் போய்க் கன்று முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பியிருக்கிறேன். அது மோசமான நாள். பெரிய குறை, நீண்ட பைதான் என்றாலும் விற்காத கன்றைக் கன காலம் அதே பைக்குள் விட்டுவிடுகிறார்கள். என்னிடம் செத்த கன்று மூன்றிலும் உயரமானது, அதை நான்தான் ஆசைப்பட்டு எடுத்தேன். முதல் கோடையில் திடீரென்று காய்ந்தது, கிண்டிப் பார்த்தால் ஆணிவேர் பையின் அடியில் இரண்டு சுற்றுச் சுருண்டு, அதே வடிவில் இறுகியிருந்தது. மண்ணுக்குள் போனபிறகும் நிமிரவில்லை. அந்த வேரைப் பேப்பரில் சுற்றி அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் காட்டினேன். சண்டை பிடிக்கப் போகவில்லை, அவர் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நீ தண்ணி ஊத்தேல்லையோ என்று என்னைக் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பின்வரிசைக் கன்று முழுவதையும் வெளியே எடுக்கச் சொன்னார், அடியில் வேர் வந்தவற்றை அன்றைக்கே ஒதுக்கி வைத்தார்கள். காசு திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நாளே "செத்தால் நான் பொறுப்பில்லை" என்று சொல்லித்தான் தந்தார். கன்று மாற்றித் தருகிற கடை வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

நீங்கள் போனால் ஒரு சாணுக்கு மேல் உயரமில்லாத கன்றை எடுங்கள். பையின் அடியைத் தடவிப் பாருங்கள், உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால் எடுக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். இலை ஆறேழு இருந்தால் போதும். நடும்போது பையை உருவாமல் பக்கவாட்டில் கீறி எடுங்கள், மண் உதிரக்கூடாது.

இன்னும் காய்க்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். விதைக்கன்று பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும் என்று கடை அம்மா வாங்கும்போதே சொன்னார். பழத்துக்கு அவசரப்படுகிறவர்கள் ஆனி மாதம் வவுனியாவுக்குப் போய் வாங்கித் தின்னலாம், இப்போதும் கிடைக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், கால் பரப்பு முற்றம் மட்டும் உள்ளவர்களுக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன். ஆனால் சொந்தக் காணியும், மோட்டர் வைத்துத் தண்ணீர் இறைக்க முடியாத ஒரு மூலையும் இருக்கிறவர்கள் அந்த மூலையில் மகோகனி வைப்பதற்குப் பதிலாக இதை வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீதியில் இருபது வீட்டில் மாமரம் இருக்கிறது, பாலை எங்கள் வளவில் மட்டும்தான், இந்த மண்ணின் மரத்துக்கு இந்த நிலை வந்திருக்கக் கூடாது.

இந்த வருடம் போனபோது விலை 600 ரூபா ஆகியிருந்தது. பின்பக்கத்தில் வீரை விதையும் போட்டிருக்கிறார்கள், இன்னும் முளைக்கவில்லை. முளைத்தால் இரண்டு எனக்கு வைக்கச் சொல்லி, மகளின் போனில் என் நம்பரைப் போட்டுவிட்டு வந்தேன்.